மைனஸ் ஒன்: கழிக்கப்பட்டவர்களின் கணக்கு

ஜொகூரில் கல்யாண விருந்தானாலும் சரி, கோயில் திருவிழா மேடையானாலும் சரி, பாட வருகிறவரிடம் முதலில் கேட்கப்படுவது, “மைனஸ் ஒன் கொண்டாந்திருக்கீங்களா?” என்பதுதான். சுருதி, தாளமெல்லாம் அதற்கப்புறம். பாடகர் பென்டிரைவை நீட்டுவார். ஒலிபெருக்கிக்காரர் வாங்கிச் செருகுவார். ஸ்பீக்கரிலிருந்து இருபது வயலினும் நாலு தபேலாவும் கிளம்பும். மேடையில் நிற்பதோ ஒரே ஒரு ஆள்.

இந்த மைனஸ் ஒன்களை மாசாயில் என் வீட்டுப் பின்னறையில் உட்கார்ந்து செய்து கொடுப்பது பல வருடமாக எனக்குப் பகுதி நேரத் தொழில். பழக வரும் தம்பி தங்கைகள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: “அண்ணே, எந்த சாஃப்ட்வேர் போட்டுப் பழகுறது?” ஒரு பெயரைச் சொல்லி அனுப்பிவிடலாம். ஆனால் ஒவ்வொரு சாஃப்ட்வேருக்குள்ளும் யாரோ எங்கோ உட்கார்ந்து, ஏதோ ஓர் இசையை மனதில் வைத்து எடுத்த முடிவுகள் இருக்கின்றன. அந்த முடிவுகள் நம்ம மேடை வரைக்கும் எப்படி வந்து சேர்ந்தன என்று தெரிந்தால்தான், எதை அப்படியே எடுத்துக்கொள்வது, எதை மாற்றுவது என்று புரியும். அதனால் பதிலைக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

முதலில் அந்தப் பெயர். 1950-இல் நியூயார்க்கில் இர்வ் கிராட்கா என்பவர் ‘மியூசிக் மைனஸ் ஒன்’ என்றொரு இசைத்தட்டு நிறுவனம் தொடங்கினார். நாலு பேர் சேர்ந்து வாசிக்க வேண்டிய ஓர் உருப்படியில் ஒருவரை மட்டும் விட்டுவிட்டு மற்றவர்களைப் பதிவு செய்வார்கள். வயலின் பழகுகிறவர் தட்டைச் சுழல விட்டு, விடுபட்ட இடத்தைத் தானே வாசிக்கலாம். அங்கே ‘கழிக்கப்பட்ட ஒன்று’ பழகும் மாணவர். குழு முழுசாக இருக்கும், மாணவர் போய்ச் சேர்ந்துகொள்வார். நம்மிடம் வந்து சேர்ந்த மைனஸ் ஒன்னில் கணக்கு தலைகீழ். பாடகர் ஒருவரே மிச்சம். கழிக்கப்பட்டது குழு.

கரோக்கேயின் கதையும் இதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஜப்பானின் கோபே நகரத்து மதுக்கூடங்களில் வாடிக்கையாளர்கள் பாடப் பாடக் கூட வாசித்துக்கொண்டிருந்தவர் டைசுகே இனோவே. வாடிக்கையாளர் ஒருவர் வெளியூர்ப் பயணத்துக்கு அவரைக் கூப்பிட்டார். இனோவேயால் போக முடியவில்லை. தான் வாசித்ததை டேப்பில் பதிந்து கொடுத்தனுப்பினார். அந்த யோசனையிலிருந்துதான் 1971-இல் காசு போட்டால் பாடும் பெட்டி பிறந்தது. இனோவே அதற்குக் காப்புரிமை வாங்கவில்லை. ஆக, வேலையை விட்டு வர முடியாத ஓர் இசைக்காரன் தனக்குப் பதிலாக அனுப்பி வைத்த டேப்தான் அந்தப் பெட்டிக்கு மூலம்.

ஜொகூரில் நடந்ததையும் நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன். தோட்டத்தில் எல்லாருக்கும் ஒரே பெரட்டு. விடியுமுன் கிளம்பி, பால் எடுத்து நிறுத்துப் போட்டுவிட்டு வந்தால் சாயங்காலம் எல்லாருக்கும் சேர்ந்தாற்போல் ஓய்வு. ஆர்மோனியம், டோலக், புல்லாங்குழல் வைத்திருந்தவர்கள் லயத்து வாசலில் ஒன்றுகூட முடிந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டன. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, பல இடங்களில் செம்பனையும் போய்த் தாமான் வந்தது. ஜனங்கள் பாசிர் கூடாங், மாசாய், ஸ்கூடாய் பக்கம் நகர்ந்தார்கள். பாசிர் கூடாங்கில் 1977-இல் துறைமுகம் இயங்கத் தொடங்கியது, சுற்றிலும் தொழிற்சாலைகள். தொழிற்சாலை என்றால் ஷிப்டு. கீபோர்டுக்காரருக்குப் பகல் ஷிப்டு, டிரம்ஸ்காரருக்கு ராத்திரி ஷிப்டு, பாடகி சிங்கப்பூர் வேலைக்காக விடியற்காலை நாலு மணிக்கே எழுந்து பாலத்தைக் கடக்க வேண்டியவர். ஆறு பேர் கொண்ட ஒரு குழு ஒத்திகைக்குச் சேர வேண்டுமென்றால் ஆறு பேருக்கும் ஒரே ராத்திரி ஓய்வு கிடைக்க வேண்டும். மைனஸ் ஒன்னுக்கு ஷிப்டு கிடையாது. சோம்பேறித்தனத்தால் இசைக்குழு செத்தது என்று பெரியவர்கள் குறைப்படும்போது நான் இதைத்தான் சொல்வேன்: நேரத்தை நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள், அந்த ஓட்டையை டேப் வந்து அடைத்தது.

இதே காலத்தில் சென்னையிலும் சத்தம் மாறியது. 1986-இல் வந்த ‘புன்னகை மன்னன்’ படத்தின் இசையில் சீக்வென்சர் எனப்படும் கருவிக்குப் பெரிய பங்கு உண்டு. 1992-இல் ‘ரோஜா’. ஏ.ஆர். ரஹ்மான் அந்தப் பாடல்களைச் செதுக்கியது கோடம்பாக்கத்தில் வீட்டோடு சேர்ந்திருந்த பஞ்சதன் ஸ்டூடியோவில். பெரிய தியேட்டரில் நாற்பது ஐம்பது பேர் ஒரே நேரத்தில் வாசித்து எடுக்கிற முறைக்குப் பக்கத்தில், ஒருவர் ராத்திரி முழுக்க அடுக்கடுக்காகச் சத்தத்தைக் கட்டுகிற முறை வந்து நின்றது. இங்கே இருந்த மேடைக் குழுக்களுக்கு அது சங்கடம். பழைய பாட்டை நாலு பேர் ஓரளவு ஒப்பேற்றிவிடலாம். கணினியில் கட்டிய பாட்டைக் கணினி இல்லாமல் மேடையில் கொண்டுவருவது கஷ்டம். “கேசட்ல இருக்கிற மாதிரியே இல்லையே” என்று கல்யாண வீட்டில் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அடுத்த நிகழ்ச்சிக்கு ஆள் கூப்பிட மாட்டார்கள்.

சரி, கணினி எப்படி வாசிக்கிறது? 1983-இல் வெவ்வேறு நிறுவனங்களின் கீபோர்டுகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள ஒரு பொது மொழி வந்தது. அதன் பெயர் மிடி. அமெரிக்காவின் டேவ் ஸ்மித்தும் ஜப்பானின் ரோலண்ட் நிறுவனர் இகுதாரோ ககேஹாஷியும் அதற்கு முன்னின்றவர்கள். யார் வேண்டுமானாலும் காசு கொடுக்காமல் பயன்படுத்தலாம் என்று விட்டதால்தான் அது உலகம் முழுக்கப் பரவியது. மிடியில் சத்தம் கிடையாது, கட்டளை மட்டும்தான்: இந்தக் கட்டையை அமுக்கு, இவ்வளவு வேகமாக அமுக்கு, இப்போது விடு. வேகத்துக்கு 0 முதல் 127 வரை எண்கள்.

1991-இல் ‘ஜெனரல் மிடி’ என்ற ஒப்பந்தம் வந்தது. ஒரு கருவியில் செய்த பாட்டு இன்னொரு கருவியிலும் ஏறக்குறைய அதே மாதிரி ஒலிக்க வேண்டும் என்பதற்காக 128 சத்தங்களுக்கு வரிசை எண் கொடுத்தார்கள். அந்தப் பட்டியலை நான் மாணவர்களுக்கு வரலாற்று ஆவணமாகவே காட்டுவேன். 105-ஆவது சித்தார். 112-ஆவது ஷெனாய். இந்தியாவுக்கென்று அவ்வளவுதான் இடம். நாதஸ்வரம் இல்லை, தவில் இல்லை, மிருதங்கம் இல்லை, வீணை இல்லை. 126-ஆவது ஹெலிகாப்டர், 127-ஆவது கைதட்டல், 128-ஆவது துப்பாக்கிச் சூடு. துப்பாக்கிக்குக் கிடைத்த இடம் தவிலுக்குக் கிடைக்கவில்லை. பட்டியலைப் போட்டவர்களுக்கு நம் மேல் பகை ஒன்றும் கிடையாது, அவர்கள் உட்கார்ந்த அறையில் நாம் இல்லை. தொண்ணூறுகளில் நம் கல்யாணங்களில் கெட்டிமேளப் பாட்டுக்கு ஏன் வடநாட்டு ஷெனாய் மாதிரி ஒரு சத்தம் வந்தது என்று யாராவது ஆராய்ந்தால், விடை இந்த 112-இல் இருக்கும்.

தாளக் கருவிகளுக்கான பத்தாம் சேனலில் போங்கோ, கோங்கா, மராக்காஸ் என்று லத்தீன் அமெரிக்காவே குடியிருக்கிறது. அதில் குய்கா என்று ஒன்று உண்டு. உரசி முனக வைக்கும் பிரேசில் நாட்டுக் கருவி. நம் உறுமிக்கு அந்தப் பட்டியலில் கிடைக்கும் ஒரே தூரத்துச் சொந்தம் அதுதான். மலேசியாவில் உறுமி மேளம் இல்லாமல் ஒரு தைப்பூசத்தை நினைத்துப் பார்க்க முடியுமா? ஆனால் வளைந்த குச்சி தோலில் இழுபடும்போது எழும் அந்த முனகலை ‘அமுக்கு, விடு’ என்ற கட்டளைக்குள் அடைப்பது கஷ்டம்.

கணினிக்குள் இதெல்லாம் நுழைந்த வழியில் நம் பக்கத்து ஊருக்கும் பங்குண்டு. 1985-இல் வந்த அட்டாரி எஸ்.டி. கணினியில் மிடி துளைகள் கூடவே வந்தன. 1987-இல் அமெரிக்காவில் ‘கேக்வாக்’, 1989-இல் ஜெர்மனியில் ‘கியூபேஸ்’. 1990-இல் கனடாவிலிருந்து ‘பேண்ட் இன் எ பாக்ஸ்’ வந்தது, கார்டுகளின் பெயரைத் தட்டினால் அதுவே ஒரு குழுவாக வாசித்துக் காட்டியது. சாதாரண வீட்டுக் கணினிக்கு ஒழுங்கான சத்தம் கொடுத்த ‘சவுண்ட் பிளாஸ்டர்’ அட்டை 1989-இல் சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் வெளியிட்டது. அதே நிறுவனத்தின் 1994-ஆம் வருடத்து அட்டை ஒன்றில் நாமே பதிந்த சத்தத்தை ஏற்றிக்கொள்ளும் வசதி வந்தது. அதாவது, 128-இல் தவில் இல்லையென்றால் நம் தவிலை நாமே ஏற்றலாம். நான் இதை ஒரு திருப்பமாகவே பார்க்கிறேன். பட்டியலுக்கு வெளியே போக ஒரு வாசல் அங்கே திறந்தது.

ஆனால் காசு? 1998 செப்டம்பரில் ஆசிய நிதி நெருக்கடியின்போது ஒரு அமெரிக்க டாலருக்கு 3.80 வெள்ளி என்று அரசாங்கம் கட்டி வைத்தது. 2005 ஜூலை வரை அதே விலை. 500 டாலர் சாஃப்ட்வேர் என்றால் 1,900 வெள்ளி. தொழிற்சாலைச் சம்பளத்தில் அதை யார் வாங்குவது? பாசார் மாலாமில் சில வெள்ளிக்குத் திருட்டு வட்டு கிடைத்தது. குறுவட்டுத் திருட்டைக் கட்டுப்படுத்த 2000-இல் தனிச் சட்டமே வந்தது என்றால் அந்த வியாபாரம் எவ்வளவு பெரிதாக இருந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். ஆக, ஒரு தலைமுறை சாஃப்ட்வேரைத் தேர்ந்தெடுக்கவே இல்லை. வட்டில் எது இருந்ததோ அதைப் பழகினார்கள். கையேடு கிடையாது, தட்டித் தட்டிக் கற்றார்கள். இன்றும் “ஃப்ரூட்டி லூப்ஸ்” என்று பழைய பெயரையே சொல்லும் அண்ணன்மார்கள் அந்தக் காலத்து ஆட்கள். பெல்ஜியத்தில் செய்யப்பட்ட அந்த சாஃப்ட்வேர் 2003-லேயே எஃப்.எல். ஸ்டூடியோ ஆகிவிட்டது.

அந்தத் தலைமுறையிலிருந்துதான் இன்னொரு மாற்றமும் வந்தது. யோகி பி, நட்சத்ரா குழுவின் ‘வல்லவன்’ ஆல்பம் 2006-இல் வந்தபோது பின்னணி இசைக்கு வேறு மரியாதை கிடைத்தது. ராப்பில் யாரோ முன்பே பாடிய பாட்டிலிருந்து குரலைக் கழிப்பதில்லை. பீட் முதலில் பிறக்கிறது, அதன்மேல் தமிழ் ஏறுகிறது. மேடையில் ஆளில்லாக் குறைக்காக வந்த டிராக், புதுப் பாட்டின் அடித்தளமாக மாறியது. கம்போங்கிலும் தாமானிலும் இருந்த பிள்ளைகளுக்கு, “நாமளும் செய்யலாம் போல இருக்கே” என்று தோன்றியது அதற்கப்புறம்தான்.

இனி கேக்வாக்கின் பிற்காலம். கிட்டார் நிறுவனமான கிப்சன் 2013-இல் அதை வாங்கியது. 2017 நவம்பரில் இனி இதை வளர்க்கப் போவதில்லை என்று அறிவித்தது. முப்பது வருடமாக அதில் பாட்டு சேர்த்து வைத்தவர்கள் நட்டாற்றில் நின்றார்கள். 2018 பிப்ரவரியில் சிங்கப்பூரின் பேண்ட்லேப் அதன் உரிமையை வாங்கி, இலவசமாகவே வெளியிட்டது. நூற்றுக்கணக்கான டாலர் விலையிருந்த ஒன்று, பாலத்துக்கு அந்தப் பக்கத்து நிறுவனத்தின் பெயரில் நம் கணினியில் சும்மா வந்து இறங்கியது. 2023-இல் அதே நிறுவனம் அந்த இலவசப் பதிப்பின் இடத்தில் ‘சோனார்’ என்ற புதிய பதிப்பு வரும் என்று அறிவித்தது. இதில் எனக்குத் தெரியும் பாடம் ஒன்றுதான்: சாஃப்ட்வேர் சாகும், கை மாறும், பெயர் மாறும். நம் பாட்டு அதோடு சேர்ந்து போகக் கூடாது.

வெளியூர்க் கருவியை நம்முடையதாக ஆக்கிக்கொள்வது நமக்குப் புதிதல்ல. மேடையில் பாடகர், “அண்ணே, அரைக் கட்டை இறக்கிக் குடுங்க” என்கிறாரே, அந்தக் ‘கட்டை’ ஆர்மோனியத்தின் கட்டை. ஐரோப்பாவிலிருந்து வந்த பெட்டி அது. கமகத்துக்கு ஒத்துவராது என்று அகில இந்திய வானொலி 1940-இல் ஆர்மோனியத்தைத் தடை செய்தது. 1971-இல்தான் தடை தளர்ந்தது. அதற்குள் அந்தப் பெட்டியின் கட்டையே தமிழ்ப் பாடகர்களின் சுருதிக் கணக்காக ஊறிப்போயிருந்தது. ஒன்று என்றால் மேற்கத்திய ‘சி’, இரண்டு ‘டி’, மூன்று ‘ஈ’, நாலு ‘எஃப்’, ஐந்து ‘ஜி’. இதில் ஒரு சூட்சுமம் உண்டு. மூணு கட்டைக்கும் நாலு கட்டைக்கும் நடுவில் கறுப்புக் கட்டை கிடையாது. “மூணுலேர்ந்து நாலுக்கு ஏத்துங்க” என்று ஒருவர் கேட்டால் சாஃப்ட்வேரில் ஓர் அரைச்சுரம்தான் ஏற்ற வேண்டும். “நாலுலேர்ந்து அஞ்சுக்கு” என்றால் இரண்டு. இது எந்தக் கையேட்டிலும் இருக்காது. பாடகரின் மொழியும் தெரிந்து, திரையில் இருக்கும் எண்ணும் தெரிந்தவர்தான் இதைச் செய்ய முடியும்.

வானொலிக்காரர்களின் சந்தேகத்தில் நியாயம் இல்லாமலும் இல்லை. ஒன்றும் சொல்லாமல் விட்டால் ஒரு மிடி கோப்பு நிமிஷத்துக்கு 120 அடி, நாலு நாலு எண்ணிக்கை என்றே எடுத்துக்கொள்ளும். சுரத்தை வளைக்கும் சக்கரம் வழக்கமாக இரண்டு அரைச்சுரம் வரைக்கும்தான் வளையும். நாம் கை வைக்காவிட்டால் மிஸ்ர சாபு தாளம் நாலுக்குள் நசுங்கும், தோடி நேர்க்கோட்டில் நடக்கும். ஆனால் இவை மூன்றுமே மாற்றக்கூடிய அமைப்புகள். எண்ணிக்கையை ஏழாக்கலாம். வளைவு எல்லையை அதிகமாக்கலாம். கோயில் பாட்டு நடுவில் வேகம் எடுக்குமானால் கட்டத்துக்குப் பாட்டை அடக்காமல், முதலில் பாடவிட்டுப் பதிந்து, அந்த நடைக்கு ஏற்றபடி வேகக்கோட்டை வரையலாம். நான் பழகச் சொல்லும் முதல் பாடம் இதுதான். எஃபெக்டும் பிளக்கினும் பிறகு.

இனி நேரடியாகப் பதில். ஆப்பிள் கணினி வைத்திருந்தால் 2004-இலிருந்து வரும் கராஜ்பேண்ட் கூடவே இருக்கும், தொடக்கத்துக்குப் போதும். கைப்பேசி மட்டும்தான் இருக்கிறது என்றால் பேண்ட்லேப். பீட் கட்டுவதுதான் ஆசை என்றால் எஃப்.எல். ஸ்டூடியோ. ஒருமுறை வாங்கினால் புதிய பதிப்புகள் இலவசம். ஆனால் அதன் இலவச மாதிரியில் சேமித்த வேலையை மறுபடி திறக்க முடியாது, அதைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள். ஆட்களை உட்கார வைத்துப் பதிவதுதான் வேலை என்றால் ரீப்பர். 60 நாள் சோதித்துப் பார்க்கலாம், தனி ஆளுக்கு உரிமம் 60 டாலர். பழைய கணினியிலும் ஓடும். குரலை வெட்டி ஒட்ட மட்டும் என்றால் ஒடாசிட்டி, முற்றிலும் இலவசம்.

எதை எடுத்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள். ஒவ்வொரு கருவியையும் தனித்தனி வேவ் கோப்பாக வெளியே எடுக்க முடிகிறதா? மிடியைத் தனியாகச் சேமிக்க முடிகிறதா? தாளத்தையும் சுருதியையும் நம் இஷ்டத்துக்கு மாற்ற விடுகிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால் தாராளமாக எடுங்கள். ஒன்றையே வைத்துக்கொண்டு ஒரு முழுப் பாட்டை முடியுங்கள். பத்து சாஃப்ட்வேரைத் திறந்து பார்த்தவரைவிட ஒரு பாட்டை முடித்தவருக்குத்தான் அதிகம் தெரிந்திருக்கும்.

“எதுக்குண்ணே இவ்வளவு கஷ்டம், இப்பத்தான் ஏ.ஐ. குரலைப் பிரிச்சுக் குடுக்குதே” என்று கேட்பவர்களும் உண்டு. உண்மைதான். பிரான்சின் டீசர் நிறுவனம் 2019-இல் ‘ஸ்ப்ளீட்டர்’ என்ற கருவியை எல்லாருக்கும் திறந்துவிட்டதிலிருந்து, எந்தப் பாட்டிலிருந்தும் குரலை உருவிவிடலாம். பயிற்சிக்கு அது அருமையான உதவி. ஆனால் உருவிய பிறகு மிச்சமிருப்பது யாருடைய வாசிப்பு? சென்னையில் யாரோ வாசித்தது. அதையே நாம் காலமெல்லாம் போட்டுக்கொண்டிருந்தால், இங்கே வாசிக்கத் தெரிந்தவர்கள் இரண்டாம் முறையும் கழிக்கப்படுகிறார்கள். முதல் முறை மேடையிலிருந்து. இப்போது பதிவிலிருந்தும்.

எனக்குக் கவலை இதில்தான். குளுவாங்கிலும் சிகாமட்டிலும் தோட்டத்துப் பஜனைக்கு ஒரு விதமாக டோலக் வாசித்தவர்கள் இருக்கிறார்கள். சினிமாவும் அல்லாத, கர்நாடகமும் அல்லாத ஒரு நடை அது. எந்த 128-லும் அது வராது. அவர்களுக்கு இப்போது எழுபது வயதுக்கு மேல். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் இங்கே மைனஸ் ஒன் செய்தவர்களின் வேலைகளும் பிளாப்பி வட்டுகளோடும் கெட்டுப்போன ஹார்ட் டிஸ்குகளோடும் குப்பைக்குப் போயின. செய்தவர் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை, ஏனென்றால் மைனஸ் ஒன்னில் பெயர் போடும் வழக்கமே கிடையாது. நம் எழுத்தாளர்களைப் பற்றி நூல்கள் உண்டு, நாடகக்காரர்களைப் பற்றிச் சில கட்டுரைகளாவது உண்டு. கல்யாணம் கல்யாணமாக நம்மைப் பாட வைத்தவர்களுக்கு ஒரு பட்டியல்கூட இல்லை.

ஆகவே பழகத் தொடங்கும் தம்பி தங்கைகளுக்குச் சொல்வது இதுதான். சாஃப்ட்வேர் வந்திறங்கிய முதல் வாரத்திலேயே உங்கள் தாமானில் டோலக்கோ தவிலோ உறுமியோ வாசிக்கும் ஒருவரை வீட்டுக்குக் கூப்பிடுங்கள். காற்றாடியை அணைத்துவிட்டு, கைப்பேசியிலாவது பத்து நிமிஷம் பதியுங்கள். கட்டைச் சத்தம் தனியாக, உரசல் தனியாக, பிறகு அவர் இஷ்டத்துக்கு ஒரு முழு நடை. அவருக்குக் கையில் கொஞ்சம் காசு கொடுங்கள். எதற்கெல்லாம் பயன்படுத்துவீர்கள் என்று சொல்லி அனுமதி கேளுங்கள். கோப்புக்குப் பெயர் வைக்கும்போது ‘ஆடியோ 01’ என்று விட்டுவிடாதீர்கள். வாசித்தவர் பெயர், ஊர், கருவி, தேதி. இந்த நாலும் இருந்தால் போதும். எந்த நிறுவனம் மூடினாலும் அந்தக் கோப்பு திறக்கும்.